ஜன்னலில் தெரிந்த தலைகள்

மத்தியான ரயில் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஈபன் டஃபுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சேணக் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். வழியில் இருந்த முக்காலியைத் தட்டிவிட்டான். எடுத்து நேராக வைத்தான். திரும்பி வரும்போது அதையே மறுபடியும் தட்டிவிட்டான்.

“முக்காலி உன்னை என்னப்பா பண்ணிச்சு?” என்று கேட்டாள் கிரிசெல் மெல்டரம்.

“சும்மா உக்காந்திருக்கு முதலாளியம்மா. இன்னிக்கு யாரு சும்மா உக்காந்திருந்தாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

கிரிசெல்லும் உட்கார்ந்துதான் இருந்தாள். மடியில் ஒரு வண்டிக்குதிரையின் வார், கையில் மெழுகு தடவிய நூல். அவன் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தும் தெரியாதவள் போல ஊசியைக் குத்தி இழுத்தாள். புருஷன் விட்டுப்போன கடையை ஒற்றை ஆளாக எடுத்து நடத்தும் பெண்பிள்ளை. பிட்லூரி என்ற அந்தச் சின்ன ஊரில் எந்தக் குதிரைக்கு எங்கே புண் என்று அவளுக்குத் தெரியும். எந்த மனிதனுக்கு எங்கே புண் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் ஊரில் ஏதாவது காணாமல் போனால், போலீஸ் முன்வாசல் வழியாகப் போனாலும், சம்பந்தப்பட்டவர்கள் அவள் கடையின் பின்வாசலைத் தட்டுவார்கள். இந்த முறை தட்டியது அவளிடம் வேலை பார்க்கும் ஈபனே.

விஷயம் இதுதான். பிட்லூரி தேவாலயத்தில் இராப்போஜனத்துக்கென்று இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள் உண்டு. அவற்றை விற்று ஒரு ஹார்மோனியம் வாங்குவது என்று புதுப் போதகர் கார்ஃப்ரேயும் சபையின் மூப்பர்களும் முடிவு செய்தார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. ஹார்மோனியத்துக்கு ‘விசில் பெட்டி’ என்று பெயர் வைத்து, சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, கிண்ணம் போனால் நானும் போவேன் என்று கத்தியவன் பீப்பாய் செய்கிற ஆர்ச்சி லம்ஸ்டன். திங்கட்கிழமை கிண்ணங்களை வாங்க வியாபாரி வருவதாக இருந்தது. ஞாயிறு காலையில் கிண்ணங்களை ஒரு பச்சைப் பையில் போட்டு, கல்லறைத் தோட்டத்து மூலையில் இருக்கும் மூப்பர் அறையில் வைத்தான் கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்குட்டி. பூட்டவில்லை. ஆராதனை நேரத்தில் பிட்லூரியில் யார் திருடப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தால் பையே இல்லை.

ஒரே ஒரு சாட்சி. ஹானா கிளெக் என்று, நாட்டு எல்லைக்குத் தெற்கே லங்காஷையர் பக்கத்திலிருந்து பீங்கான் வண்டி ஓட்டி வருகிற பெண். குதிரையின் வார் அறுந்து கோயிலுக்குக் கீழே ரோட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆள் பச்சைப் பையோடு மூப்பர் அறையிலிருந்து போவதைப் பார்த்ததாகச் சொன்னாள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. எப்போது என்று கான்ஸ்டபிள் மக்ரே கேட்டதற்கு, பாட்டு நேரத்தில் என்றாள்.

பாட்டு நேரத்தில் எவன் இடம் காலி? ஆர்ச்சியின் இடம். அவனோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன் ஈபன். மக்ரே அங்கேயே, கோயில் வாசலிலேயே அவனைக் கேட்டார். முதல் சங்கீதம் பாடும்போது ஆர்ச்சி உன் பக்கத்தில் இருந்தானா? ஈபன் பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல. ஆனால் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாமல், இல்லையே என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அடுத்த நிமிஷம் அவன் சிநேகிதன் கையில் விலங்கு.

அன்றிலிருந்து ஈபனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆர்ச்சி திருடவில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சங்கீத நேரத்தில் ஆர்ச்சி வெளியே போவது புதிதும் இல்லை. நினியன் யூல் என்ற தையற்காரர்தான் கோயிலில் முன்பாடகர். வாத்தியம் எதுவும் இல்லாத சபையில் அவர் குரல் எடுத்தால்தான் மற்றவர்கள் பாட முடியும். அவர் ஒருநாள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, பீப்பாய்க்குள் மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரிக் கத்துவது யார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஆர்ச்சி, மழையோ வெயிலோ, சங்கீதம் தொடங்கியதும் வெளியே போய் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான், முடிந்ததும் உள்ளே வருவான். மக்ரேயிடமும் இதையேதான் சொன்னான். சுவரைப் பார்த்தேன் என்றால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? ஆர்ச்சியின் பட்டறையில் மீனுக்காகச் செய்து வைத்திருந்த பீப்பாய்களை எல்லாம் பிளந்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் இன்று செவ்வாய்க்கிழமை மத்தியான ரயிலில் அவனை மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே போனால் திரும்பி வர எத்தனை மாசம் ஆகுமோ. வந்தாலும் பிட்லூரியில் எவன் அவனிடம் பீப்பாய் வாங்குவான்?

கடைக் கதவு திறந்தது. ஹானா கிளெக் உள்ளே வந்தாள். கிரிசெல் தைத்துக்கொண்டிருந்தது அவளுடைய வார்தான்.

அவளுக்குக் காது கேட்காது. இளவயதில் நெசவாலையில் தறி இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்துப் போன காது. அதனால் ஈபன் தொண்டை நரம்பு புடைக்க, வார் இன்னும் முடியவில்லை என்று கத்தினான்.

“எதுக்குக் கத்தறே தம்பி? காதுதான் கேக்காது, உதட்டைப் பார்த்தே படிச்சிடுவேன். நேத்து நீ இந்தம்மா முதுகுக்குப் பின்னால நின்னு என்னைச் சூனியக்காரின்னு சொன்னதையும் படிச்சேன்.”

ஈபன் காதுவரை சிவந்தான். கிரிசெல் சிரிக்கவில்லை. சிரித்தால் நூல் கோணிவிடும் என்பது அவள் பாலிசி. ஹானாவை எதிரில் உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஹானா சொன்னதையே சொன்னாள். ரோட்டில் நின்றேன், ஆள் போனான், பச்சைப் பை, பாட்டு நேரம்.

“உங்களுக்குத்தான் காது கேக்காதே. பாட்டு நேரம்னு எப்படித் தெரிஞ்சுது?”

“கண்ணு இருக்குல்ல? கோயில் ஜன்னல்ல அத்தனை தலையும் தெரிஞ்சுது.”

ஊசி பாதித் தோலில் நின்றது. கிரிசெல் வாரை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். அவள் அப்படி வேலையைப் பாதியில் விட்டு எழுந்ததை ஈபன் பார்த்ததே இல்லை.

“ஈபன், கோயிலுக்குப் போய் உன் இடத்துல உக்காரு. நான் சொல்றவரைக்கும் எந்திரிக்காதே.”

“செவ்வாக்கிழமையா? யாராவது பார்த்தா நான் திருந்திட்டேன்னு நினைச்சுக்குவாங்க முதலாளியம்மா.”

“அந்த அபாயம் இல்லை. ஓடு.”

காலியான கோயிலுக்குள் ஈபன் தன் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்து இடம், ஆர்ச்சியின் இடம், அவனை உறுத்தியது. இரண்டு நாளாக விளையாட்டாகப் பேசியே சமாளித்துவிட்டான். இங்கே பேச ஆள் இல்லை. ரயில் வரும் நேரத்தில் தன்னை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறாள் என்று கோபம் வந்தது. நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்ததை இன்னொரு முறை நினைத்துக்கொண்டான்.

ஜன்னலுக்கு வெளியே, கீழே ரோட்டிலிருந்து கிரிசெல்லின் குரல் கேட்டது. “ஈபன், உள்ள இருக்கியா, இல்லை வீட்டுக்குப் போயிட்டியா?”

“உக்காந்துதானே இருக்கேன்!”

பிறகு, “சரி, எந்திரி” என்றாள்.

எழுந்தான். ஜன்னலின் கீழ்ச்சுவருக்கு மேலே இப்போது அவனுக்கு ரோடு தெரிந்தது. கிரிசெல் தெரிந்தாள். அவள் பக்கத்தில் ஹானா கிளெக், அவனைக் கைநீட்டிக் காட்டி, ஆமாம், இப்படித்தான், இப்படித்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தால் தலை தெரியாது. நின்றால்தான் தெரியும்.

ஈபனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் பெஞ்சின் ஓரத்தில் வழியை அடைத்திருந்த சின்னக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே ஓடினான். ஹானா அப்போது கிரிசெல்லிடம் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள், எல்லாரும் எழுந்து நின்றால் பாட்டு என்றுதானே அர்த்தம், எங்கள் ஊர் கோயிலில் அப்படித்தானே என்று. அவள் ஊரில் அப்படித்தான். பிட்லூரியில் உட்கார்ந்துதான் பாடுவார்கள், ஜெபத்துக்குத்தான் நிற்பார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படி. இதை மாற்றிச் செய்கிற ஊர் உலகத்தில் இருக்கும் என்று மக்ரேக்கும் தோன்றவில்லை, ஈபனுக்கும் தோன்றவில்லை, மூப்பர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டு நேரம் என்றாள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டு நேரத்தை எழுதிக்கொண்டார்கள்.

“அது ஜெபம் முதலாளியம்மா! சங்கீதம் முடிஞ்சு நடந்த ஜெபம்! ஆர்ச்சி அப்போ என் பக்கத்துல இருந்தான். ஜெபம் ஆரம்பிச்சதுமே ஒரு புதினா மிட்டாயை என் கையில வெச்சான். ஆமென் சொல்ற வரைக்கும் என் கால் மேலதான் நின்னான். கட்டைவிரல் இன்னும் கறுத்திருக்கு, பாக்கறீங்களா?”

அவன் ரயிலடிக்கு ஓடத் திரும்பினான். கிரிசெல் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். நீ அவன் சிநேகிதன், நேற்றுவரை இதைச் சொல்லாதவன், உன் கட்டைவிரலை மக்ரே சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றாள். ஆர்ச்சி இல்லை என்றால் யார் என்று சொன்னால்தான் விலங்கு கழலும்.

“ஜெபத்துல ஊரே கண்ணை மூடிக்கிட்டு நிக்குது. யாரு வேணும்னாலும் போயிருக்கலாமே?”

“நீ இப்போ வெளிய வந்தப்போ உன் பெஞ்சுக் கதவு போட்ட சத்தம் எனக்கு ரோட்டுல கேட்டுது. கோயில்ல ஒவ்வொரு பெஞ்சுக்கும் கதவு. ஒவ்வொண்ணும் அப்படித்தான் கத்தும். கதவே இல்லாத இடத்துல நின்னவங்க யாரு?”

“போதகர். ஆனா அவரா இருக்காது. அவரு ஜெபத்தை நிறுத்தியிருந்தா சந்தோஷத்துல ஊரே கண்ணைத் திறந்திருக்கும்.”

“வேற?”

ஈபன் திறந்து கிடந்த வாசல் வழியாக உள்ளே பார்த்தான். பிரசங்க மேடை. அதற்கு நேர் கீழே, போதகர் குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில், முன்பாடகரின் சின்ன மேசை. மேசைக்கு ஒட்டினாற்போல் பக்கவாசல். அதற்கு வெளியே மூப்பர் அறை. அதைத் தாண்டினால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தையற்கடை.

“யூல் எப்படிம்மா? அவருதான் பாடிக்கிட்டு...” என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஊரில் ஒருவரும் அவரைச் சந்தேகப்படவில்லை. ஹார்மோனியம் வந்தால் முதலில் இடம் இழக்கிறவர் அவர். ஆனால் சங்கீத நேரத்தில் முன்பாடகர் எழுந்து போனால் பாட்டே நின்றுபோகும். திருடியது பாட்டு நேரத்தில் என்றால் உலகத்திலேயே நிரபராதி அவர் ஒருவர்தான்.

நினியன் யூல் தையல் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து தொண்டை கட்டிவிட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தவர். கிரிசெல் தட்டிய தட்டில் திறக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் போதகருக்காகத் தைத்துக்கொண்டிருந்த புது அங்கி கைகளை விரித்துத் தொங்கியது.

ஈபன் நேராகக் கழுத்தைப் பிடித்துவிடுவான் என்று பயந்தோ என்னவோ, கிரிசெல் அவனைக் கதவோரம் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்தாள். தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். தேன் சாப்பிடச் சொன்னாள். ஈபன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான். தேனைப் பற்றிப் பேசுகிற நேரமா இது? அப்புறம் அவள் போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் போதகர் உங்கள் பெயரைச் சொன்னாரே, கேட்க மனசுக்கு எப்படி இருந்தது என்று.

யூலின் கை துணிமேல் நின்றது.

“கேட்டேன், கேட்டேன். போறவனை வழியனுப்பறாப்ல நாலு வார்த்தை. இத்தனை வருஷம் பாடினதுக்கு அதுதான் மிச்சம்.”

ஈபன் அன்று கண்ணை மூடிக்கொண்டு நின்றானே தவிர, காதை மூடிக்கொள்ளவில்லை. போதகர் என்ன சொன்னார் என்று அவனுக்குத் தெரியும்.

கிரிசெல் மெதுவாகச் சொன்னாள். “அவர் வழியனுப்பலை யூல். ஈபன், நீ கேட்டதை அப்படியே சொல்லு. உன் சரக்கு எதையும் சேர்க்காதே.”

ஈபன் தொண்டையைச் செருமிக்கொண்டான். போதகர் போலப் பேசிக்காட்டி மதுக்கடையில் ஊரையே சிரிக்க வைத்தவன் அவன். இப்போது அந்தக் குரல் வரவில்லை, தன் குரலிலேயே சொன்னான். “ஆண்டவரே, எங்கள் பாட்டை முன்நின்று நடத்துகிற உம் ஊழியன் நினியனுக்காக நன்றி. பெட்டி ஒன்று வந்தாலும் அது அவன் குரலுக்குப் பின்னால் வரட்டும். மூச்சு இருக்கும்வரை அந்த மேசை அவனுடையது. இதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னியும். இவ்வளவுதான் சொன்னாரு யூலய்யா. அப்புறம் மழைக்காக வேண்டினாரு.”

யூல் பலகையிலிருந்து இறங்கி, போதகரின் அங்கியின் இரண்டு கைகளுக்குள்ளும் கையை விட்டு, கைக்கொன்றாக இருந்த வெள்ளிக் கிண்ணங்களை வெளியே எடுத்தார். விற்பதற்காக எடுக்கவில்லை என்றார். வியாபாரி வந்து வெறுங்கையோடு போகட்டும், அப்புறம் யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னார். ஆர்ச்சி மேல் பழி விழும் என்று நினைக்கவில்லையாம். விழுந்த பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லையாம்.

“அந்த ஜெபத்தை ஊரே கேட்டுச்சா?”

“ஊரே கேட்டுச்சு.”

“ரெண்டு நாள் ஆச்சு. ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொல்லலையே ஈபன்.”

பிட்லூரியில் ஒருவனை முகத்துக்கு நேரே திட்டலாம், நன்றாகத் திட்டலாம். நல்ல வார்த்தையைச் சொல்வதுதான் அநாகரிகம். போதகரே ஆண்டவரிடம் சொல்வது போலத்தானே சொன்னார்? மற்றவர்கள் யூலின் வீட்டுக் கதவைத் தட்டியா சொல்லப் போகிறார்கள்? ஈபனே அவரை ஞாயிறு மத்தியானம் வாசலில் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல்தான் தாண்டிப் போனான்.

ஆற்றுப் பாலத்தில் ரயில் ஊதியது.

முதலில் ஓடியவர் யூல். கோட்டுப் போடவில்லை, தொப்பி போடவில்லை. இரண்டு கையிலும் இரண்டு கிண்ணங்கள், கழுத்துத் துணி அவிழ்ந்து பின்னால் பறக்க, பெரிய தெருவின் நடுவில் ஓடினார். ரொட்டிக்கடையிலிருந்தும் கொல்லன் பட்டறையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து வாய் பிளந்து பார்த்தார்கள். ஈபன் பின்னால் ஓடினான். கிரிசெல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அவனுக்குப் பின்னால் ஓடினாள்.

ரயில் நின்றிருந்தது. மக்ரே ஆர்ச்சியின் தோளில் கைவைத்துப் பெட்டியின் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார். யூல் கிண்ணங்களை அவர் காலடியில் வைத்துவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார். மூச்சிரைக்க மூச்சிரைக்கக் கிரிசெல் தலைகளையும் ஜன்னலையும் விளக்கினாள். மக்ரே அரைகுறையாகப் புரிந்துகொண்டார், கிண்ணங்களைப் பார்த்ததும் மீதியும் புரிந்தது. சாவியை எடுத்து ஆர்ச்சியின் விலங்கைக் கழற்றினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

ஈபன் ஆர்ச்சியைக் கட்டிக்கொண்டான். அப்படியெல்லாம் செய்வது அந்த ஊர் வழக்கமே இல்லை. ஆர்ச்சி நெளிந்தான். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே யூலைப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் ஈபன் நினைத்தான், தடுக்க வேண்டாம் என்றும் நினைத்தான்.

“இந்தாளு எதுக்கு அழறாரு?” என்று மட்டும் கேட்டான் ஆர்ச்சி.

ஈபன் சொன்னான். போதகர் ஜெபத்தில் அவரைப் பற்றிச் சொன்ன நேரத்தில்தான் அவர் பையை எடுக்கப் போயிருக்கிறார், அதனால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அப்புறம் யாரும் போய்ச் சொல்லவும் இல்லை.

ஆர்ச்சி ஈபன் பக்கம் திரும்பினான்.

“நான் சொல்லியிருப்பேன்டா. எனக்கும் அவருக்கும் ஆகாதுதான். ஆனா அந்த ஜெபத்தைக் கேட்டப்போ, போனதெல்லாம் போகட்டும், வெளிய வந்ததும் நேரா அவர்கிட்டப் போய், ‘யூலய்யா, ஊர் முன்னால உமக்கு நல்ல பேரு கெடைச்சுது, எனக்கும் சந்தோஷம்’னு சொல்லிடணும்னு முடிவே பண்ணிட்டேன். வாசல்ல அவரைத் தேடறதுக்குள்ள மக்ரே என் கையைப் பிடிச்சிட்டாரு.”

யூல் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் அவர் காதில் விழுந்தது.